காணாமல் போன மூன்று கிராம் எங்கே?

மாணவர்களே, இந்த வாரம் ஒரு சின்னக் கழித்தல் கணக்கோடு தொடங்குவோம். 10 கிராம் எடையுள்ள ஒரு துப்பாக்கிக் குண்டைச் சோதனைக்காக ஜெலட்டின் கட்டி ஒன்றினுள் சுடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டியை வெட்டிக் குண்டை எடுத்து, கழுவி, தராசில் வைக்கிறார்கள். தராசு 7 கிராம் காட்டுகிறது. பத்திலிருந்து ஏழு போனால் மூன்று. விடை சுலபம்தான். ஆனால் அந்த 3 கிராம் உலோகம் எங்கே போயிற்று?

குண்டைச் சோதிப்பவர்கள் நெடுங்காலமாக "எஞ்சிய எடை 70 விழுக்காடு" என்று குறித்துக்கொண்டு அடுத்த குண்டுக்குப் போய்விடுவார்கள். எஞ்சியதுதான் அவர்களுக்கு முக்கியம். காணாமல் போனதைத் தேடிப் போனவர்கள், அழிவின் விளிம்பில் இருந்த ஒரு பறவையைக் காப்பாற்றப் பாடுபட்ட உயிரியலாளர்கள். அவர்கள் கண்டுபிடித்தது, குண்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியையே மாற்றிவிட்டது. அதைப் புரிந்துகொள்ள முதலில் கொஞ்சம் இயற்பியல் தேவை.

தோட்டா வேறு, குண்டு வேறு

பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். தோட்டா என்பது முழுப்பொருள். பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி, உள்ளே மருந்து, நுனியில் குண்டு, இவை எல்லாம் சேர்ந்ததே தோட்டா. விசையை இழுத்ததும் மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயு குண்டை மட்டும் குழல் வழியே தள்ளுகிறது. உறை துப்பாக்கியிலேயே தங்கிவிடும். பறந்து போவது குண்டு மட்டுமே.

அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் பெற்றவர்கள் குறிப்பிட்ட பருவத்தில் மான், எல்க், மூஸ் போன்ற பெரிய விலங்குகளை இறைச்சிக்காக வேட்டையாடச் சட்டம் அனுமதிக்கிறது. வேட்டையாடலாமா, கூடாதா என்பதில் உங்களுக்கென ஒரு கருத்து இருக்கலாம். வேட்டைக்காரர்களிடையே ஒரு நியதி உண்டு. விலங்கு காயத்தோடு ஓடி, எங்கோ கிடந்து துடித்துச் சாகக் கூடாது. ஒரே குண்டில், உடனே முடிய வேண்டும். தொலைவிலிருந்து சுடும்போது இந்த நியதியைக் காப்பது மிகக் கடினம். ஆகவே குண்டிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. குறி தவறாமல் போய்ச் சேருமா? சேர்ந்த இடத்தில் தன் வேலையைச் செய்யுமா?

ஒரு சுற்று தூரம், அரை வினாடி

உங்கள் பள்ளித் திடலின் ஓட்டத் தடத்தில் ஒரு சுற்று 400 மீட்டர். அதை நேர்கோடாக நீட்டி, அந்த முனையில் ஒரு மான் நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். நம்முடைய 10 கிராம் குண்டு வினாடிக்கு 850 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. காற்றே இல்லாவிட்டால் 0.47 வினாடியில் போய்ச் சேர்ந்துவிடும். உண்மையில் காற்று இருக்கிறது. அது குண்டைத் தடுக்கிறது. 400 மீட்டரைக் கடக்கும்போது வேகம் வினாடிக்கு 600 மீட்டராகக் குறைந்துவிட்டது என்று கொள்வோம். அப்படியானால் பயணத்துக்கு ஏறத்தாழ 0.56 வினாடி ஆகும்.

ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். எனவே துப்பாக்கிச் சத்தம் அதே தூரத்தைக் கடக்க 1.2 வினாடி ஆகும். குண்டு பட்டு அரை வினாடிக்கு மேல் கழித்துத்தான் சத்தம் வந்து சேரும்.

இந்த 0.56 வினாடியில் என்ன நடக்கிறது? முதலாவது, குண்டு கீழே விழுந்துகொண்டே போகிறது. கையிலிருந்து நழுவிய கல்லுக்கு எந்தப் புவியீர்ப்போ, குண்டுக்கும் அதேதான். விழும் தூரம் = ½ × 9.8 × 0.56 × 0.56. போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வரும். குழலை நேராக மானின் தோளை நோக்கிப் பிடித்தால் குண்டு அதன் கால்களுக்குக் கீழே தரையில் குத்தும். அதனால்தான் குழலைச் சற்று மேல்நோக்கிச் சாய்க்கிறார்கள்.

இரண்டாவது, பக்கவாட்டில் வீசும் காற்று. இதற்கு ஓர் அழகான கணக்கு உண்டு. காற்றுத் தடையால் ஏற்பட்ட தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் குண்டு எவ்வளவு விலகும் என்று தெரிந்துவிடும். நம் குண்டின் தாமதம் 0.56 – 0.47 = 0.09 வினாடி. மரத்தின் இலைகளை அசைக்கும் அளவுக்கு, வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில், குறுக்கே காற்று வீசினால் விலகல் 0.36 மீட்டர். நெஞ்சைக் குறிவைத்தது வயிற்றில் படும். நியதி அங்கேயே உடைந்துவிடும்.

ஆகவே தொலைதூரக் குண்டுக்குக் காற்றைக் கிழித்துப் போகும் உடல்வாகு வேண்டும். கூரான முன்பகுதியும் சற்றே ஒடுங்கிய பின்பகுதியும், பருமனுக்கு மிஞ்சிய எடையும் இருந்தால் தாமதம் குறையும். குண்டு தயாரிப்பவர்கள் இதை ஓர் எண்ணாகப் பெட்டியின் மேல் அச்சிடுகிறார்கள். பாலிஸ்டிக் கோஎஃபிஷியண்ட் என்று அதற்குப் பெயர். எண் கூடக்கூடக் காற்று அதை மெதுவாகத்தான் தடுக்கும்.

கடலூரில் முடிந்த ஒரு வாழ்க்கை

கண்ணுக்கே தெரியாமல் பறக்கும் பொருளின் வேகத்தை முதலில் நம்பகமாக அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். 1742-இல் வெளியான தம் நூலில் அவர் விளக்கிய கருவி மிக எளிது. தொங்கும் கனமான மரக்கட்டை ஒன்றைச் சுடு, குண்டு அதில் புதையும், கட்டை ஊசலாடும், எவ்வளவு தூரம் ஆடியது என்று அளந்துகொள். உந்தம் அழிவதில்லை என்ற விதி மற்றதைச் சொல்லிவிடும்.

நம் குண்டையே 10 கிலோ கட்டையில் சுட்டால், குண்டும் கட்டையும் சேர்ந்து வினாடிக்கு 0.85 மீட்டர் வேகத்தில் நகரத் தொடங்கும், 3.7 சென்டிமீட்டர் மேலே ஏறும். குண்டின் இயக்க ஆற்றல் 3,600 ஜூலுக்கும் மேல். 60 கிலோ எடையுள்ள ஒருவரை இரண்டு மாடி உயரத்துக்குத் தூக்க அது போதும். ஆனால் கட்டையின் ஊசலாட்டத்தில் மிஞ்சுவது 4 ஜூல்கூட இல்லை. மற்றதெல்லாம் வெப்பமாகவும் மரத்தைக் கிழிக்கும் வேலையாகவும் போய்விடுகிறது. உந்தம் காக்கப்படுகிறது, இயக்க ஆற்றல் காக்கப்படவில்லை என்று பாடநூலில் படிப்பீர்களே, அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ராபின்ஸ் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக இந்தியா வந்தார். 1751-இல் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார். இன்று மரக்கட்டைக்குப் பதில் ஒளிக் கதவுகள் வந்துவிட்டன. இரண்டு ஒளிக்கற்றைகளைக் குண்டு கடக்கும் நேர இடைவெளியை மின்னணுக் கடிகாரம் அளக்கிறது. சில நிறுவனங்கள் டாப்ளர் ராடார் வைத்து, குண்டு போகும் வழி முழுவதும் வேகம் எப்படிக் குறைகிறது என்று தொடர்ந்து பார்க்கின்றன.

இங்கே நீங்கள் ஆய்வுக்கூடத்தில் பின்பற்றும் விதி ஒன்றும் வருகிறது. ஒரே துப்பாக்கி, ஒரே வகைத் தோட்டா என்றாலும் எல்லாக் குண்டுகளும் ஒரே துளையில் விழாது. மூன்று முறை சுட்டு, மூன்றும் நெருக்கமாக விழுந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். பத்து முறை, இருபது முறை சுட்டால்தான் உண்மையான சிதறல் தெரியும். அளவீடுகளைத் திரும்பத் திரும்ப எடுங்கள் என்று ஆசிரியர் சொல்வது இதற்காகத்தான்.

காளான் போல விரியும் குண்டு

இனி இரண்டாவது கேள்வி. குண்டு விலங்கின் உடலில் ஊசிபோல நுழைந்து மறுபக்கம் வெளியேறினால், விலங்கு காயத்தோடு ஓடிவிடும். தோலுக்கு அடியிலேயே நொறுங்கிப் போனாலும் அதே கதிதான். நுழைந்ததும் முனை காளான் போல விரிய வேண்டும். அதே சமயம் உடையாமல் ஆழமாகவும் போக வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான தேவைகள்.

இதற்கு ஈயம் கைகொடுத்தது. அது கனமானது, மென்மையானது, மலிவானது. ஈயத்தைச் சுற்றி மெல்லிய செப்பு உறை போட்டு, நுனியில் மட்டும் ஈயத்தைத் திறந்து வைத்தார்கள். பட்டதும் ஈயம் நசுங்கி விரியும். ஆனால் வேகமும் கடினமும் கூடினால் அது தாங்காது. 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் மூஸ் ஒன்றைச் சுட்டார். அதன் உடலெங்கும் சேறு காய்ந்து அப்பியிருந்தது. குண்டுகள் ஆழமாகப் போகவில்லை. ஊர் திரும்பிய அவர், நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைத்த குண்டை வடிவமைத்தார். சுவருக்கு முன்னாலுள்ள ஈயம் விரிந்து சிதறலாம். பின்னாலுள்ள ஈயம் அப்படியே நின்று குண்டை உள்ளே தள்ளும். 1948-இல் அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் அந்த வகைக் குண்டுகளைத் தயாரிக்கிறது.

ஜெலட்டின் கட்டியில் ஒரு காயம்

குண்டு எப்படி விரிகிறது என்பதை ஒவ்வொரு முறையும் விலங்கைச் சுட்டுப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. இதற்காகத்தான் ஜெலட்டின். வீட்டில் செய்யும் அகார் அகார் கடற்பாசியிலிருந்து கிடைக்கிறது. ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து வருவது. அது தசையைப் போன்ற தடையைத் தரும், ஒளி ஊடுருவும், குண்டு போன தடத்தை அப்படியே காட்டும்.

வியட்நாம் போரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய மார்ட்டின் ஃபேக்லர், 1980-களில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள அமெரிக்க இராணுவ ஆய்வகத்தில் இந்தச் சோதனையைச் செம்மைப்படுத்தினார். எடையில் 10 விழுக்காடு ஜெலட்டின், 4 பாகை செல்சியஸ் வெப்பநிலை என்பது அவருடைய அளவு. கட்டி சரியாக உறைந்திருக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். 4.5 மில்லிமீட்டர் எஃகு உருண்டை ஒன்றை வினாடிக்குச் சுமார் 180 மீட்டர் வேகத்தில் சுடுவார்கள். அது ஏறத்தாழ 8.5 சென்டிமீட்டர் ஆழம் போனால் கட்டி சரி. அதைவிட அதிகம் போனால் கட்டி இளகியிருக்கிறது, குறைந்தால் இறுகியிருக்கிறது. அளக்கும் கருவியை முதலில் அளந்து பார்க்கும் இந்தப் பழக்கம் எல்லா அறிவியலுக்கும் பொது.

பிறகு நான்கு அளவுகள் எடுப்பார்கள். எவ்வளவு ஆழம் போனது, எவ்வளவு அகலமாக விரிந்தது, தடம் எப்படி இருக்கிறது, எஞ்சிய எடை எவ்வளவு. நாம் தொடக்கத்தில் பார்த்த 7 கிராம் இங்கேதான் வருகிறது.

கழுகு சொன்ன விடை

கலிபோர்னியா காண்டோர் பிணந்தின்னிக் கழுகு இனத்தைச் சேர்ந்தது. சிறகை விரித்தால் ஏறக்குறைய 3 மீட்டர். வட அமெரிக்காவில் பறக்கும் நிலப்பறவைகளில் இதுவே பெரியது. 1982-இல் உலகத்தில் மிஞ்சியிருந்தவை 22 பறவைகள் மட்டுமே. 1987-இல் காட்டில் எஞ்சிய கடைசிப் பறவையையும் பிடித்து, மொத்தம் 27 பறவைகளைக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்தார்கள். 1992-இல் கலிபோர்னியாவிலும் 1996-இல் அரிசோனாவிலும் குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விடத் தொடங்கினார்கள்.

விட்ட பறவைகள் செத்துக்கொண்டிருந்தன. இரத்தத்தைச் சோதித்தபோது ஈயம் இருந்தது. ஈயம் உடலுக்குள் சுண்ணாம்புச் சத்தைப் போல நடித்து நரம்புகளிலும் எலும்பிலும் புகுந்துகொள்ளும். நஞ்சேறிய கழுகின் செரிமானப் பாதை செயலிழந்துவிடும். இரைப்பை நிறைய உணவு இருக்கும்போதே அது பட்டினியில் சாகும். காண்டோர் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முட்டைதான் இடும். எனவே ஒவ்வொரு பறவையின் சாவும் பேரிழப்பு.

காண்டோர் வேட்டையாடுவதில்லை, செத்ததையே தின்னும். வேட்டைக்காரர்கள் மானைச் சுட்ட இடத்திலேயே வயிற்றைக் கிழித்துக் குடலை அங்கேயே விட்டுவிட்டு இறைச்சியைக் கொண்டுபோவது வழக்கம். கழுகுகளுக்கு அது விருந்து. அந்த விருந்தில் ஈயம் இருக்கிறதா?

ஆய்வாளர்கள் வேட்டைக்காரர்களிடமிருந்து 38 மான்களின் உடல்களையும் எச்சங்களையும் பெற்று எக்ஸ்ரே எடுத்தார்கள். 2006-இல் முடிவு வெளியானது. ஈயக் குண்டால் சுடப்பட்ட மான்களின் 20 குடல் குவியல்களில் 18-இல் உலோகத் துகள்கள் இருந்தன. எக்ஸ்ரே படத்தில் அவை பனித்தூவல்போல வெண்புள்ளிகளாகப் பரவிக் கிடந்தன. காணாமல் போன 3 கிராம் அங்கேதான் இருந்தது. முழுக்கச் செம்பால் ஆன குண்டுகளால் சுடப்பட்ட நான்கு மான்களிலோ மொத்தமே ஆறு துகள்கள்தாம்.

ஈயம் வேறு எங்கிருந்தாவது வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஈயத்துக்கு நான்கு நிலையான ஐசோடோப்புகள் உண்டு: 204, 206, 207, 208. எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து இவற்றின் விகிதம் மாறும், கைரேகை போல. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாக ஆய்வாளர்கள், காண்டோர்களின் இரத்தத்திலுள்ள ஈயத்தை அந்த வட்டாரக் கடைகளில் விற்ற குண்டுகளின் ஈயத்தோடு ஒப்பிட்டார்கள். நஞ்சேறிய பறவைகளின் விகிதம் குண்டுகளின் விகிதத்தோடு ஒத்துப்போனது. இன்னும் கூண்டிலிருந்த பறவைகளின் விகிதம் வேறாக இருந்தது.

இது கழுகின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2009-இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஈயக் குண்டால் சுடப்பட்ட 30 மான்களின் இறைச்சியை வழக்கம்போலக் கடையில் கொடுத்துப் பொதியாக்கி எக்ஸ்ரே எடுத்தார்கள். 24 மான்களின் அரைத்த இறைச்சியில் துகள்கள் தெரிந்தன. அதைத் தின்ற பன்றிகளின் இரத்தத்தில் ஈயம் கூடியது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளையைத்தான் அது அதிகம் பாதிக்கிறது.

செம்புக்கு மாறினால் போதுமா?

செப்புக் குண்டின் முனையில் ஒரு குழி இருக்கும். உடலில் நுழையும்போது திரவ அழுத்தம் அந்தக் குழியை நிரப்பி, முனையைப் பூவிதழ்களாகப் பிளந்து விரிக்கும். இதழ்கள் பெரும்பாலும் உடைவதில்லை. சோதனைக்குப் பின் எடுத்து நிறுத்தால் எடை ஏறத்தாழ அப்படியே இருக்கும்.

ஆனால் இயற்பியல் எதையும் இலவசமாகத் தருவதில்லை. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், செம்பின் அடர்த்தி 8.96 கிராம். ஒரே எடை, ஒரே பருமன் கொண்ட இரண்டு உருளைகளைச் செய்தால் செப்பு உருளை 27 விழுக்காடு நீளமாக இருக்கும். நீளமான குண்டு தலைகுப்புறக் கவிழாமல் பறக்க அதிக வேகமாகச் சுழல வேண்டும். குழலின் உட்புறத்திலுள்ள சுருள் பள்ளங்களே இந்தச் சுழற்சியைத் தருகின்றன. 25.4 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்ற குழலில் நம் குண்டு வினாடிக்கு 3,300 முறைக்கு மேல் சுழலும். பழைய குழலின் சுற்று போதாமல் போனால், சற்றே எடை குறைந்த, நீளம் குறைந்த செப்புக் குண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொரு வரம்பும் உண்டு. செம்பு ஈயத்தைவிடக் கடினமானது. மெதுவாகப் பட்டால் விரியாது. எனவே தயாரிப்பாளர்கள் ஒரு குறைந்தபட்ச வேகத்தைக் குறிப்பிடுகிறார்கள். அது குண்டுக்குக் குண்டு மாறும். வினாடிக்கு 550 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 400 மீட்டருக்கு 250 என்ற கணக்கில் வேகம் இழக்கும் நம் குண்டு, 480 மீட்டர் தாண்டியதும் அந்த வரம்புக்குக் கீழே போய்விடும். அதற்கு அப்பால் நிற்கும் மானைச் சுடாமல் விட்டுவிட வேண்டும், அல்லது இன்னும் நெருங்கிப் போக வேண்டும்.

இத்தனை இருந்தும் மாற்றம் நடக்கிறது. ஜப்பானின் ஹொக்கைடோவில், மான் எச்சங்களைத் தின்ற கடற்கழுகுகள் செத்ததால் 2000-இலேயே மான் வேட்டைக்கு ஈயக் குண்டுகளைத் தடைசெய்தார்கள். கலிபோர்னியா 2008-இல் காண்டோர் வாழும் பகுதிகளிலும், 2019 ஜூலை முதல் மாநிலம் முழுவதிலும் வேட்டைக்கு ஈயக் குண்டுகளைத் தடுத்தது. டென்மார்க் 2024 ஏப்ரலில் அதைச் செய்தது. அரிசோனா தடை போடவில்லை. 2005 முதல் காண்டோர் பறக்கும் பகுதி வேட்டைக்காரர்களுக்கு ஈயமில்லாத தோட்டாக்களை இலவசமாகக் கொடுத்து, எக்ஸ்ரே படங்களைக் காட்டிப் பேசியது. அங்கு பெரும்பாலான வேட்டைக்காரர்கள் தாங்களாகவே ஒத்துழைக்கிறார்கள்.

இன்று காண்டோர்களின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டிவிட்டது. பாதிக்கும் மேற்பட்டவை காட்டில் பறக்கின்றன. ஆயினும் காட்டிலுள்ள காண்டோர்களைக் கொல்லும் காரணங்களில் ஈய நஞ்சே இன்னும் முதலிடத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் அவற்றைப் பிடித்து, இரத்தம் சோதித்து, தேவையானால் மருந்து கொடுத்து விடுகிறார்கள்.

ஜெலட்டின் சோதனையில் பிழை ஏதும் இல்லை. ஆழம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு அது சரியான விடைகளையே தந்தது. போனது எங்கே என்று அப்போது யாரும் அதனிடம் கேட்கவில்லை. அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து, எடை குறைந்திருப்பதைக் கண்டால், வித்தியாசத்தை எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அது எங்கே போயிருக்கும் என்று பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள்.